பத்து லட்சத்து ஒன்பதின் மானம்

லேக் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் வெறும் நார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமையும் ஏழே முக்காலுக்குப் போய் ஆறு காய் வாங்கினேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அன்று எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை என்பது உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவன் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்க மாட்டான்.

டீக்கு நன்றி, நரேன் ஸார். மண் கோப்பையின் அடி ஈரமாக இருக்கிறது. காகிதத்தின் மேல் வைக்காதீர்கள், தடம் விழும்.

நீங்கள் தமிழ்க் குடும்பம் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். பவானிபூரில் பிறந்தவர், தமிழ் பேசுவீர்கள், எழுதப் படிக்க வராது என்றீர்கள். பரவாயில்லை. எதில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் நான் சொல்கிறபடியே போடுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு பொருளை நீங்கள் பறிமுதல் செய்து, முத்திரை வைத்து, அலிப்பூர் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும் என்றீர்கள். நடந்திருக்கிறது. சொல்கிறேன்.

என் பெயர் அனந்தகிருஷ்ணன். நாளையோடு வயது எழுபது. துறைமுகத்தில் அலை அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஹூக்ளி ஆற்றில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. என் கணக்கை நம்பிக் கப்பல்கள் வந்தன. ஒன்றுகூடத் தரை தட்டியதில்லை.

லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், எங்கள் ஞாயிறு எண் சபை கூடுகிறது. பேங்க், துறைமுகம், கம்பெனி என்று வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. இப்போது பதினேழு பேர். கருவி எதுவும் உள்ளே வரக் கூடாது. செல்போன்களை வாசலில் இருக்கும் அரிசி டின்னில் போட்டு மூடிவிட வேண்டும். சாக்பீஸ், கரும்பலகை, மூளை. அவ்வளவுதான்.

சேரும்போது ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து லட்சத்துக்குமேல் இருக்க வேண்டும். அதன்பிறகு ஆயுள் முழுக்க அதுதான் அவருடைய எண். வீட்டில் பெரியவர்களை நமஸ்கரிக்கும்போது கோத்திரம் சூத்திரம் சொல்லி அபிவாதயே சொல்வோம் இல்லையா, அதேபோல் சபையில் நுழைந்ததும் எழுந்து நின்று அவரவர் எண்ணின் குலத்தைச் சொல்ல வேண்டும். தோல் வியாபாரி முகமது இஸ்மாயில் பாய்கூடக் காதைத் தொட்டுக்கொண்டு, தன் எண் இரட்டைப்படை, மிகை எண் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் ‘இஸ்மாயில் அஸ்மிபோ’, அதாவது ‘இஸ்மாயில் நான், ஐயா’ என்றுதான் முடிப்பார். அவர் உச்சரிப்பு எங்கள் எல்லோரையும்விடச் சுத்தம்.

ஒருவர் எண்ணை இன்னொருவர் வெளியே போய்ப் போனில் தட்டிப் பார்ப்பது என்பது அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி. அறுபது வருஷத்தில் யாரும் செய்ததில்லை. மனிதர்கள் நல்லவர்கள்.

என் எண் பத்து லட்சத்து ஒன்பது.

பத்து லட்சத்து மூன்று சபையை ஆரம்பித்தவருடையது, அவரோடு போய்விட்டது. ஐந்தில் முடிவது ஐந்தால் போகும். பத்து லட்சத்து ஏழை இருபத்தொன்பது தின்றுவிட்டது. அடுத்து நின்றது இதுதான். பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் ஒன்பது, நடுவில் ஐந்து பூஜ்யம். கூட்டமில்லாத முகம். அது மகிழ் எண்ணும்கூட. இலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: ஒன்றும் எண்பத்தொன்றும் எண்பத்திரண்டு. எட்டின் வர்க்கமும் இரண்டின் வர்க்கமும் அறுபத்தெட்டு. அதிலிருந்து நூறு. நூறிலிருந்து ஒன்று. ஒன்றில் போய் நிற்கும் எண்ணை மகிழ் எண் என்பார்கள். என் மனைவி நாகலக்ஷ்மியிடம் இதை விளக்கினேன். “ஏன்னா, உங்க நம்பருக்கு இருக்கற சந்தோஷம் இந்தாத்துல வேற யாருக்கும் இல்லை” என்றாள்.

ஆனால் சந்தோஷம் முக்கியமில்லை. அது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. இதைச் சும்மா சொல்லிவிட முடியாது, நிரூபிக்க வேண்டும். ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் மீதி வர வேண்டும். சபை விதிப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுத்தல், கரும்பலகையில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு. மூன்று வருஷமும் சில மாதங்களும் ஆயின. மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. சபையில் கைவகுத்தலால் நிரூபித்த பகா எண் உள்ளவருக்கு மட்டும்தான் தலைவர் நாற்காலி, ஆயுள் வரைக்கும். ஏழு வருஷமாக நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். பிரம்பு பின்னியது. மின்விசிறிக்கு நேர் கீழே. முதல் டம்ளர் காபி அங்கேதான் வரும்.

நாற்காலிக்காக இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்து நின்று, “பத்து லட்சத்து ஒன்பது, ஒற்றைப்படை, மகிழ் எண், பகா எண், அனந்தகிருஷ்ணன் அஸ்மிபோ” என்று சொல்லும்போது, அந்த ‘பகா எண்’ என்கிற இடத்தில் சபையில் ஒரு மௌனம் விழும். ஒரு வினாடிதான். நான் வாரத்தில் ஆறு நாள் அதற்காகக் காத்திருப்பேன்.

மே மாதம் மேக்னா ஒரு சொற்பொழிவு நடத்தினாள். ஆராய்ச்சி மாணவி, சபையிலேயே சின்னவள். பேஹாலாவில் வளர்ந்த பெண், தமிழில் பாதி வங்காளம் கலந்துதான் வரும். பலகையில் அறுபத்தைந்து என்று எழுதினாள்.

“இத பாருங்கோ அங்கிள். ஒண்ணும் அறுபத்திநாலும். அப்புறம் பதினாறும் நாப்பத்தொன்பதும். ரெண்டு விதமா ரெண்டு ஸ்கொயரோட கூட்டலா வருது, தாய் நா, சரிதானே? ஒரு பிரைம் நம்பர் அப்படி வரவே வராது. வந்தா ஒரே ஒரு விதந்தான். ரெண்டாவது விதம் ஒண்ணு கெடச்சுதுன்னா அது பிரைம் இல்ல. பஸ், முடிஞ்சுது கத.”

எல்லோரும் கை தட்டினார்கள். என் எண் ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் புன்னகைத்தேன். ராஜ்மோகன் மட்டும் கை தட்டவில்லை. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று அவன் தூங்காமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். இதைத் தூக்கத்தின் குறையாகத்தான் நான் பார்க்கிறேன்.

ராஜ்மோகன் சபையின் செயலாளர். ரிட்டயரான பேங்க் அதிகாரி, என் நாற்பது வருஷ சிநேகிதன். அவனுடைய எண் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. அது நிறைவு எண். தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவனும் அப்படித்தான் இருந்தான். இதைவிட வேறு எதுவும் வேண்டும் என்று அவன் நினைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, முருங்கைக்காய்ப் பையோடு மார்க்கெட்டிலிருந்து வெளியே வரும்போது மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டான். சாவி அவனிடம்தான் இருக்கும். ராத்திரி பெய்த மழையில் படிக்கட்டெல்லாம் ஈரம். மேலே போனேன். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நின்றுகொண்டிருந்தான். பலகை முழுக்க எண்கள்.

“உக்காருடா அனந்தா. உன் எழுபதுக்கு என்ன குடுக்கறதுன்னு நாலு மாசமா மண்டைய ஒடச்சுண்டேன். கடைசில உன் நம்பருக்கே குடுத்துடலாம்னு தோணித்து. தெனம் விடிகாலைல ஒக்காந்து ஒவ்வொரு வர்க்கமா கழிச்சுப் பாத்தேன். நேத்திக்குக் கெடச்சுடுத்து.”

பலகையைக் காட்டினான். இருநூற்று முப்பத்தைந்தின் வர்க்கம் ஐம்பத்தைந்தாயிரத்து இருநூற்று இருபத்தைந்து. தொள்ளாயிரத்து எழுபத்திரண்டின் வர்க்கம் ஒன்பது லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து எழுநூற்று எண்பத்து நாலு. கூட்டினால் பத்து லட்சத்து ஒன்பது.

“ஆயிரமும் மூணும் ஒரு ஜோடின்னு ஊருக்கே தெரியும். இது ரெண்டாவது ஜோடி. எப்பேர்ப்பட்ட நம்பர்டா உன்னோடது. உன் பொறந்த நாள் ஞாயித்துக்கெழம சபைல நானே சொல்லப்போறேன்.”

நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி. அவன் கணக்கில் நான் என்றுமே தப்புக் கண்டதில்லை.

என் எண் பகா எண் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. ஆனால் மேக்னா முன்வரிசையில் உட்காருவாள். அவள் சொன்னது பொதுவாக எண்களைப் பற்றி. என் எண்ணைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தப்பான அபிப்பிராயம் ஏற்பட்டுவிடும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு.

அவனிடம் நயமாகத்தான் சொன்னேன். “ராஜு, இது வேண்டாம்டா. எனக்கு விளம்பரம் பிடிக்காது.”

“விளம்பரமா? ஏழு வருஷமா நாற்காலிய விட்டு எழுந்துக்கல, இவனுக்கு விளம்பரம் பிடிக்காதாம்” என்று சிரித்தான். “நீ சும்மா இரு. இன்னொண்ணும் இருக்கு. அத இப்ப சொல்ல மாட்டேன்.”

அந்த இன்னொன்று என்ன என்று நான் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

பின்பக்கம் ஓர் இரும்புச் சுழல்படி இருக்கிறது, பழைய கட்டடங்களில் துப்புரவு ஆட்கள் ஏறி வருவதற்காக வைத்தது. அதன் தலைமாட்டில் ஒரு குழாய். ராஜ்மோகன் சாக்பீஸ் கையைக் கழுவ அங்கே போனான். நானும் போனேன். அவன் குனிந்து கை கழுவிக்கொண்டே பாடினான். சுருதி எப்போதும்போலக் கீழேதான் இருந்தது. நான் அவன் முதுகில் கை வைத்தேன். கதவு திறக்க எவ்வளவு அழுத்தம் தேவையோ அவ்வளவுதான். அந்தப் படிக்கட்டில் முப்பத்தொரு படிகள். அதுவும் பகா எண்.

நான் முன்படி வழியாக இறங்கிச் சுற்றிப் போனேன். மூக்குக்கண்ணாடி உடையாமல் தள்ளிக் கிடந்தது. மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். அதே பையில் கணக்கு எழுதிய தாள் இருந்தது, எடுத்துக்கொண்டேன். மறுபடி மேலே போய்ப் பலகையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். அப்புறம்தான் கீழே மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். எல்லோரும் மழைமேல் பழி போட்டார்கள். நீங்கள்கூட அந்தப் படியை வந்து பார்த்தீர்கள், வழுக்கும் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வழுக்கத்தான் செய்தது.

முருங்கைக்காயை நாகலக்ஷ்மி அன்று சமைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் சாம்பார் வைத்தாள். எட்டு மணிக்குள் வாங்கிய காய் என்பது ருசியில் தெரிந்தது.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன். கை அலம்பிக்கொண்டிருந்தபோது ராஜ்மோகனின் மனைவி வித்யாலக்ஷ்மி வந்தாள்.

“அண்ணா, காலிகாட்லேர்ந்து கல் கடைக்காரன் போன் பண்ணினான். இவர் போறதுக்கு மொத நாள் ஏதோ பலகைக்கு ஆர்டர் குடுத்திருக்கார். உங்க எழுபதுக்காம். சபைச் செவுத்துல பதிக்கணும்னு சொன்னாராம்.”

வெள்ளைப் பளிங்கு. இரண்டடிக்கு ஒன்றரை அடி. ‘பத்து லட்சத்து ஒன்பதுக்கு’ என்று மேலே. அதன் கீழே இரண்டு ஜோடி வர்க்கங்களும், ஒன்றன்கீழ் ஒன்றாக, கறுப்பு நிரப்பி. கடைசியில் ‘அன்புடன் ராஜ்மோகன்’. கல்லில் வெட்டியதை ஈரத்துணியால் துடைக்க முடியாது.

எண்களுக்குப் பதிலாக ஒரு பிள்ளையார் போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். “அவர் கையால கடைசியா எழுதினது. ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன் அண்ணா” என்றாள். அந்தக் கல் இப்போது சபைச் சுவரில் சிவப்புத் துணிக்குப் பின்னால் இருக்கிறது. சிமென்ட் பூசிவிட்டார்கள். நேற்று உளியோடு போனேன். எழுபது வயதில் ஒரு மனிதனைத் தள்ளுவது எளிது, ஒரு பளிங்குப் பலகையைப் பெயர்ப்பது எளிதில்லை. நாளை பத்து மணிக்கு வித்யாலக்ஷ்மி துணியை விலக்குவாள். மேக்னா முன்வரிசையில் இருப்பாள்.

இப்போது உங்களுக்குப் புரியும். பலகை கொலைக்கான காரணம். ஆகவே அது சாட்சிப் பொருள். சுவரோடு பெயர்த்து, துணியை விலக்காமல், அப்படியே எடுத்துப் போங்கள். வழக்கு முடியும்வரை யாரும் தொட முடியாது. அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்த தாள் இதோ, அதையும் சேர்த்து முத்திரை வையுங்கள்.

காலையிலிருந்து மூன்று முறை என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். சிநேகிதர் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்றீர்கள். இல்லை, நரேன் ஸார். கொலை என்றே எழுதுங்கள். திட்டமிட்டது என்றும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ராஜ்மோகனை நான்தான் தள்ளினேன். பகு எண் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். கோர்ட்டில் வாசிப்பார்கள்.

வேண்டுமானால் என் நோட்டையும் இணைத்துக்கொள்ளுங்கள். நூற்று அறுபத்தெட்டு வரிகள். பகா எண், மீதி, சாட்சிக் கையெழுத்து. எனக்கு எல்லாமே மனப்பாடம். எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். ஏழுக்கு மீதி மூன்று. முப்பத்தேழுக்குப் பத்து. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்குப் பதினெட்டு.

அறுபத்திரண்டாவது வரியா. ஆமாம், அதில் மீதி எழுதவில்லை. அது இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. அந்த வருஷம் துர்கா பூஜையில் அஷ்டமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லோரும் குடும்பத்தோடு பந்தல் பார்க்கப் போய்விட்டார்கள். அறையில் நான் மட்டும். ஜன்னலுக்குக் கீழேயே பந்தல். டாக் மேளம் அடித்த அடியில் சாக்பீஸ் டப்பா மேஜையில் நடந்து போனது. கீழே போய்க் கிச்சுரி பிரசாதம் சாப்பிட்டேன். மேலே வந்தேன். வகுத்தேன். எழுத விட்டுப்போயிற்று. அடுத்த வாரம் இஸ்மாயில் பாய் கையெழுத்துப் போட்டார். ராஜ்மோகன் வரியைப் பார்க்கக்கூட இல்லை. “நீ போட்டா சரியாத்தாண்டா இருக்கும்” என்று சொல்லிப் போட்டான். நல்ல சிநேகிதன்.

மறுபடி ஏன் வகுத்துப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். முடித்த வேலையைத் திரும்பச் செய்வது தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் செய்கிற காரியம். அதற்கு முந்தைய வரி இருநூற்று எண்பத்து மூன்று, மீதி நூற்று எழுபது. அடுத்த வரி முந்நூற்று ஏழு, மீதி நூற்றுப் பத்து. நடுவில் இருப்பதற்கும் மீதி வந்தது. எவ்வளவு என்பது மட்டும்தான் ஞாபகம் இல்லை.

நீங்கள் அந்தப் பென்சிலைக் கீழே வைக்கலாம். வகுத்துப் பார்ப்பது போலீஸ் வேலை இல்லை.

ஈவு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று வரை போய்விட்டீர்கள். போதும். கை வேகம்தான், எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியவில்லை, நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தை இப்படித் திருப்பிக் காட்டாதீர்கள், எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. கடைசி வரியின் கீழே, மீதி வர வேண்டிய இடத்தில், வட்டமாக ஒன்று இருக்கிறது. நான் முதலிலேயே சொன்னேன். அது டீக்கோப்பை வைத்த தடம். துடைத்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.